குழாய்க்குள் காத்து

"அமுக்கு," என்றான் தவமணி. பாண்டீஸ்வரி அமுக்கினாள். "இன்னொருக்கா. இன்னொருக்கா. இப்பப் பிடி." பிடித்தாள். பைக்கின் முன்சக்கரத்துப் பக்கத்தில் குத்தவைத்திருந்த அவள் புருசன் ஸ்பேனரை ஒரு நூலளவு திருப்பினான். அவள் நாலு விரலுக்குள் இருந்த பிரேக் லீவர் பிடிமானம் போய்க் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. கீழே, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கண்ணாடி டியூப்புக்குள் எண்ணெய் ஓடியது, எண்ணெய்க்கு நடுவே முட்டை முட்டையாகக் காற்று ஓடியது, ரெண்டும் பாட்டிலுக்குள் போய் விழுந்தன. ஸ்பேனரைத் திருப்பி மூடினான். "விடு," என்றான். விட்டாள். இவ்வளவுதான் வேலை. பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயை, ஹோஸை, புதுசாக மாட்டினால் அதற்குள் இருக்கிற காற்றையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும், காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது, எடுக்க ரெண்டு ஆள் வேண்டும், ஒரு ஆள் மேலே அமுக்க, ஒரு ஆள் கீழே திறந்து மூட. இதில் தப்புப் பண்ண ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. கீழே மூடுவதற்கு முந்தி மேலே கையை விட்டுவிடக் கூடாது. விட்டால் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிள்ளை காம்பை உறிஞ்சுகிற மாதிரி, ஒரே மடக்கு, சத்தமே வராது. அது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது இந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

சிறுமலையில் இன்றைக்குப் பனி எட்டு மணியாகியும் வாழைத்தோட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வண்டி ரெண்டு வருசமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. போன வாரம்தான் தவமணி அதைச் சரக்கு வேனில் ஏற்றிக் கீழே திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய், வளைந்த முன்பக்கத்தை நிமிர்த்தி, சக்கரம் மாற்றி, நேற்றுத்தான் திரும்பக் கொண்டுவந்திருந்தான். ஹோஸ் மாட்டுவதையும் காற்றெடுப்பதையும் மட்டும் நானே பண்ணிக்கிறேன் என்று பட்டறையில் சொல்லிவிட்டானாம். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வெட்டி எடுத்த பழைய ஹோஸ் துவைக்கிற கல்லின் மேல் கிடந்தது, நடுவில் ஓர் இடத்தில் ரப்பர் கிழிந்து நூல் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் அவள் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷிக்கு இடது காதில் சீழ் வடிகிறது. பதினோரு மணிக்குக் கீழே டாக்டரைப் பார்க்க வேண்டும். பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு, பதினெட்டு வளைவும் இறங்கி இந்த வண்டியில்தான் போகப்போகிறோம் என்று நேற்றே சொல்லிவிட்டான். "பயமா இருக்கா?" என்றும் கேட்டான். "இல்லங்க," என்றாள். வேறென்ன சொல்ல. "அப்பா," என்றது தர்ஷி, டியூப்பையும் பாட்டிலையும் பார்த்துவிட்டு, "வண்டிக்குக் குளுக்கோஸ் ஏத்துறியா?" "ஆமாடா, வண்டிக்குக் காச்சல்." "எனக்கும் இப்படித்தான் ஏத்துனாங்க. நான் அழுகல." "நீ அழுத அழுகைல நர்சம்மா ஓடிப்போச்சு." பிள்ளை யோசித்துவிட்டு, "வண்டி அழுகலியே," என்றது. அவன் சிரித்தான். "அமுக்கு," என்றான்.

அமுக்கினாள். ரெண்டு வருசத்துக்கு முந்தி, பிரேக் எண்ணெய் மாற்றிய அன்றைக்கும் இதே இடம்தான், இதே துவைக்கிற கல், இதே வெயில் வராத காலை. ஆனால் அன்றைக்குப் பிள்ளை ஏழு மாசம், உள்ளே தொட்டிலில் கிடந்தது, அழ ஆரம்பித்திருந்தது. முதலில் முனகல், அப்புறம் நிறுத்தி நிறுத்தி, அப்புறம் விடாமல். அவள் நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இங்கே நின்றிருந்தாள், பிள்ளை அழ அழ அவளுக்கு ரெண்டு பக்கமும் குத்தி இழுத்தது, பால் இறங்கிவிட்டது, துண்டுக்கடியில் நைட்டி நனைகிறது, நனைந்து குளிர்கிறது, துண்டும் நனைந்துகொண்டிருக்கிறது. ஒரு கை லீவரில். மற்றக் கையால் துண்டை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். பின்னால் கொழுந்தன் சோலைராசு பல் விளக்கிக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளை அவன், ஒரு தப்புப் பார்வை பார்த்ததில்லை, மதினி மதினி என்று வாய் ஓயாது. ஆனாலும் ஆம்பளை ஆம்பளைதானே. திரும்பிவிடுவானோ, பார்த்துவிடுவானோ, பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போவானோ, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். எப்போது முடியும், எப்போது உள்ளே ஓடலாம், அவள் மனசில் அவ்வளவுதான் இருந்தது, பிரேக்கே இல்லை. தவமணி அன்றைக்கும் முதலில் முழுசு முழுசாகத்தான் சொன்னான், அமுக்கு, பிடி, விடு என்று. போகப்போகக் கை வாகு வந்ததும் வார்த்தை குறைந்துபோய், அமுக்கு, பிடி, ம் என்றாகிவிட்டது. அவன் அப்படித்தான். சோறு போடவா என்றால் ம், போதுமா என்றால் ம், பிள்ளைக்குப் பேர் வைத்ததுகூட ம்-மில்தான். கட்டி வந்த ரெண்டு வருசத்திலேயே அவள் அவனுடைய ம்-களைப் பிரித்துப் பார்க்கப் பழகியிருந்தாள். நீளமாக வந்தால் சம்மதம், வெட்டி வந்தால் எரிச்சல், மூக்கில் வந்தால் கேட்கவே இல்லை என்று அர்த்தம். அன்றைக்குப் பிரிக்கவில்லை. பிள்ளை அலறியது. பின்னாலிருந்து, நுரை வாயோடு, "அண்ணே, சாயங்காலம் வண்டிய நான் எடுத்துக்கவா, கீழ போயி முடி வெட்டிட்டு வாறேன்," என்று ஒரு குரல். கீழேயிருந்து, "ம்."

அவள் விட்டுவிட்டாள்.

லீவர் திரும்பி வரும்போது உள்ளங்கையில் ஒன்று தெரிந்தது. வழக்கமாக அது வெறுமனே துள்ளி வரும், அன்றைக்கு எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. கீழே எட்டிப் பார்த்தாள். அவன் கையில் ஸ்பேனர் இன்னும் திறந்த பக்கமே இருந்தது, அவன் அதற்கப்புறம்தான், ஒரு மூச்சு கழித்துத்தான், திருப்பி மூடினான், தம்பிக்குப் பதில் சொல்லுகிறபோது தலையைத் திருப்பியிருந்ததால் டியூப்பைப் பார்க்கவில்லை. டியூப் நுனியும் அன்றைக்கு எண்ணெயில் முங்கி இருக்கவில்லை, பாட்டில் கழுத்திலேயே தொங்கியது. இன்றைக்கு முங்கித்தான் இருக்கிறது, பார்த்துவிட்டாள், நாலு தடவை பார்த்துவிட்டாள். "எப்படி இருக்கு, கெட்டியா இருக்கா?" என்று கேட்டான் அன்றைக்கு. அமுக்கிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் பஞ்சு மாதிரியும் இருந்த மாதிரி இருந்தது. நான் முந்தி விட்டுட்டேங்க, இன்னொருக்கா எடுத்துருவோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம். சொன்னால் அவன் திரும்ப மூடியைத் திறப்பான், எண்ணெய் ஊற்றுவான், ஒண்ணும் தெரியாதவளே என்பான், தம்பி சிரிப்பான், சிரித்துக்கொண்டு பக்கத்தில் வருவான், அவள் இன்னும் அரைமணி நேரம் இந்த நனைந்த துண்டோடு நிற்க வேண்டும். "கெட்டியா இருக்குங்க," என்றாள். உள்ளே ஓடினாள். பிள்ளையை எடுத்து வைத்தபோது அது அழுகையோடு அழுகையாகக் கவ்வி உறிஞ்சியதே, அந்த உறிஞ்சல், அதற்கும் கையில் தெரிந்ததற்கும் வித்தியாசமே இல்லை.

"இப்பப் பிடி. எங்க பாக்குற, விரல் நழுவுது பாரு." "பிடிச்சுருக்கேன்." "விடு." டியூப்பில் இன்னும் வந்துகொண்டிருந்தது, முதலில் வந்த பெரிய முட்டைகள் போய் இப்போது கடுகு கடுகாக. கடுகு கூட இருக்கக் கூடாது என்பான் அவன். மலையில் ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான், வளைவுக்கு வளைவு அமுக்கி அமுக்கி எண்ணெய் சூடாகும், சூட்டில் அந்தக் கடுகு பருக்கும், பருத்தால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் வெறும் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருப்போம். இதை அவன் அவளிடம் சொன்னது எப்போது? அன்றைக்கா, அதற்கப்புறமா? அதற்கப்புறம்தான். அப்புறம்தான் சொன்னான். முன்னாடியே சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தாலும் நீ உள்ளேதான் ஓடியிருப்பாய் பாண்டீஸ்வரி. சாயங்காலம் சோலைராசு வண்டியில் உட்கார்ந்து லீவரை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு மதினி, எங்கண்ணன் கை பட்டா சும்மாவா," என்று சொல்லிவிட்டுப் போனான். கல்லு மாதிரி இருந்திருக்கிறதே. அப்படியென்றால் நான் விட்டதில் ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் மேலிருந்து பதினோராவது வளைவில் ஏன் திரும்பாமல் நேராகப் போனான்? ஹோஸ் விட்டுருச்சு என்றார்கள், வண்டியைத் தூக்கிய ஆட்களும் பட்டறைக்காரரும் எல்லாரும், பாரு எப்படிக் கிழிஞ்சிருக்கு என்றார்கள். கிழிந்ததால் விழுந்தானா, விழுந்ததால் கிழிந்ததா? ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்தபோது அவன் முடி அப்படியே காதை மறைத்துக்கொண்டு இருந்தது. வெட்டாத முடி. மாமியார் அதைக் கோதிக் கோதி விட்டாள். பாண்டீஸ்வரி மட்டும் அந்த முடியைப் பார்க்க முடியாமல், போகும்போது விழுந்திருக்கிறான், இறங்கும்போது, சூட்டில், பதினொன்று என்றால் பத்து வளைவு அமுக்கியிருப்பான், பத்து வளைவில் கடுகு எவ்வளவு பருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இழவு வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாமியார் வண்டியில் காத்து கருப்பு இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தது பதினாறாம் நாளைக்கு அப்புறம். "அதுல காத்து ஏறிருச்சு, எம்புள்ளையக் கொண்டுட்டுத்தான் போச்சு, இரும்புக்கடைக்குப் போடு," என்று நாளைக்கு நாலு தடவை சொன்னாள். வண்டிமேல் எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டாள், குங்குமம் தடவினாள். காத்து என்ற அந்தச் சொல் வரும்போதெல்லாம் பாண்டீஸ்வரி எழுந்து உள்ளே போய்விடுவாள். அத்தைக்குத் தெரிந்துவிட்டதோ என்று முதல்நாள் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஆமா அத்தே, காத்துத்தான், நான்தான் உள்ள விட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும். தார்ப்பாய் காற்றில் உப்பி உப்பி அடங்குகிறதைப் பார்த்துக்கொண்டு சமையல்கட்டில் நிற்பாள், உள்ளே யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும், பல் விளக்குகிற சத்தம் மாதிரிகூட இருக்கும், அப்புறம் அது பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிறது என்று தெரியும். நேற்று வண்டி திரும்பி வந்ததும் மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "அதக் கிளப்புற சத்தம் என் காதுல விழக் கூடாது," என்றாள். அவளையாவது விடு. இவன்? புருசன்தான் அவளை அறுப்பது. சாப்பிட உட்காருவான், ரெண்டு வாய் வைப்பான், கை நின்றுவிடும். "அந்த ஹோஸு," என்பான். "வெடிப்பு இருந்துச்சு ஈசு. நான் பாத்தேன். காத்தெடுக்கும்போதே பாத்தேன். அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு விட்டேன்." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு குழம்பு ஊற்றுவாள். சொல்லிவிட்டால் அந்த ஹோஸ் அவன் தலையிலிருந்து இறங்கும், ரெண்டு வருசமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறான், இறக்கிவைத்துவிடலாம், ஒரே வார்த்தை. ஆனால் எப்படிச் சொல்ல? ஏன் விட்டாய் என்று கேட்பானே. நீங்க ம்-னு சொன்னீங்க என்று சொல்ல வேண்டுமே. ஹோஸை இறக்கிவிட்டு அந்த ம்-மை அல்லவா ஏற்றுவேன் அவன் தலையில், தம்பிக்கு வண்டியைக் கொடுத்த அதே ம், அதிலேயே காற்றும் போயிருக்கிறது, ஒரே எழுத்து, அதை அவன் எங்கே கொண்டுபோய்க் கரைப்பான்? அதனால்தான் சொல்லவில்லை. அதனாலா? உன் மேல் பழி வருமே என்றா? பயந்துதானே? வெட்கப்பட்டுத்தானே? அன்றைக்கும் வெட்கம், இன்றைக்கும் வெட்கம். அவனுக்காகத்தான் சொல்லவில்லை என்று எத்தனை நாள் உனக்கே சொல்லிக்கொள்வாய்.

"அமுக்கு. இன்னொருக்கா. பிடி." பிடித்தாள். கை வலித்தது. டியூப்பில் இப்போது எண்ணெய் தேன் மாதிரி ஒரே ஓட்டமாக இறங்கியது, நடுவில் ஒன்றே ஒன்று, குண்டூசித் தலை அளவு. அது போய்ச் சேர்ந்தது. தர்ஷி டேங்கின் மேல் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தது, ரெண்டு கையாலும் வாயாலும். அந்தச் சின்ன முதுகு வளைவுக்கு வளைவு முன்னால் சாயும். அவன் நெஞ்சுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும். ஏதாவது என்றால் முதலில்.

"ம்," என்றான் தவமணி.

அவள் கை நகரவில்லை. நகர்த்தவில்லை என்பதா, நகரவில்லை என்பதா, நாலு விரலும் லீவரோடு வெல்டு வைத்த மாதிரி நின்றுவிட்டன. "ம்," என்றான் மறுபடி. அப்புறம் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே முகத்தைத் தூக்கிப் பார்த்தான். "ஏய் ஈசு. நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?"

"மூடிட்டீங்களா?"

"மூடாமயா சொல்றேன்."

"அப்ப விடுன்னு சொல்லுங்க."

"ம்-னா விடுதானடி. என்ன, கோர்ட்டுல சாட்சியா சொல்றோம், ஒவ்வொரு வார்த்தையாப் பிச்சுச் சொல்ல?" சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினான். "என்ன, கை மரத்துப்போச்சா?"

இப்போது விட்டுவிட்டு, ஆமாங்க மரத்துருச்சு என்று சொல்லிவிட்டால் போதும். பத்து மணிக்குக் கிளம்பிவிடலாம். லீவர் கல்லு மாதிரி இருக்கும், அன்றைக்கும் கல்லு மாதிரி இருந்தது, பத்து வளைவுக்கு இருந்தது. "அன்னைக்கும் நீங்க ம்-னு சொன்னீங்க," என்றாள். சொல்லிவிட்டாளா? சொன்னது அவள் குரல்தான், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"என்னைக்கு?"

"தம்பி வண்டி கேட்டுச்சு. எடுத்துக்கவாண்ணேன்னு. நீங்க ம்-னீங்க. எனக்குச் சொன்னீங்கன்னு நெனச்சு நான் விட்டுட்டேன். நீங்க அப்ப மூடல."

அவன் அன்றைய காலைநேரத்துக்குள் போகிறதை அவள் பார்த்தாள், கண் இங்கே இருந்தது, ஆள் இல்லை. நுரை வாயோடு நிற்கிற தம்பிவரை போய்விட்டான் என்று தெரிந்தது. ரெண்டு வருசம் அவனை அதற்குள் போகவிடாமல் கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றவள் அவள்தான். "மூடலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "லீவர் வரும்போது எதையோ இழுத்துச்சுங்க. கையில தெரிஞ்சுச்சு." "நான் கேட்டேன்ல. கெட்டியா இருக்கான்னு கேட்டேன்ல." "கேட்டீங்க." "ஏன் சொல்லல?" அவள் அன்றைக்குத் தொட்டில் கிடந்த பக்கம் பார்த்தாள். "ஏன்டி சொல்லல?" "பாப்பா அழுதுச்சு. எனக்குப் பால் வடிஞ்சு துண்டெல்லாம் நனைஞ்சிருச்சு. தம்பி பக்கத்துல நின்னுச்சு." அவனுக்கு முதலில் புரியவில்லை, அதற்கும் இதற்கும் என்ன என்கிற மாதிரி பார்த்தான். அப்புறம் புரிந்தது. புரிந்தது அவன் முகத்தில் கோபமாக வரும் என்று அவள் ரெண்டு வருசமாக நினைத்துவைத்திருந்தாள். கோபமாக வரவில்லை. அவன் எழுந்துபோய்க் கல்லின் மேல் கிடந்த பழைய ஹோஸை எடுத்தான், கிழிந்த இடத்தைக் கட்டைவிரலால் விலக்கி விலக்கிப் பார்த்தான். "அப்ப இது இல்லியா," என்றான். அவளிடம் கேட்டானா, அதனிடம் கேட்டானா. "தெரியலீங்க." "எனக்கும் தெரியல," என்றான். "யாருக்கும் தெரியாது இனிமே."

ஹோஸைக் கீழே வைத்தான். வந்து தர்ஷியை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினான். "குளுக்கோஸ் முடிஞ்சிருச்சாப்பா?" "இல்லடா. நாம பஸ்ஸுல போவோம். அம்மா உள்ள கவுன் எடுத்து வச்சிருக்கு, போயிப் பாரு." பிள்ளை ஓடியது. அவள் இன்னும் லீவரை விட்டிருக்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து, அவள் விரல்களின் மேலேயே தன் விரல்களை வைத்து அமுக்கிக்கொண்டான். "கைய எடு. நான் பிடிச்சுக்கிறேன். நீ கீழ போ." "எனக்குத் தெரியாதுங்க." "ரெண்டு வருசமா அது ஒண்ணுதானே தெரிஞ்சு வச்சிருக்க. போ."

குத்தவைத்து உட்கார்ந்தாள். ஸ்பேனரில் அவன் கைச் சூடு இருந்தது. மேலே அவன் லீவரை விட்டு, மூணு தடவை அமுக்கி, இழுத்துப் பிடித்தான். "திற," என்றான். ஒரு நூலளவு திருப்பினாள். எண்ணெய் வந்தது, டியூப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரு கடுகு இல்லை, ஒரு குண்டூசித் தலை இல்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மூடினாள், இன்னும் கொஞ்சம் இறுக்கினாள், விரலால் தொட்டும் பார்த்தாள். இப்போது அவள் சொல்ல வேண்டும். அவன் சொல்லுகிற மாதிரி விடு என்று புருசனைச் சொல்ல வாய் வருமா?

"விடுங்க," என்றாள். அவன் விடவில்லை. கேட்கவில்லையோ என்று நிமிர்ந்தாள். கைப்பிடிக்கு மேல் குனிந்திருந்த அவன் முகம் தெரியவில்லை. லீவரைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது, முட்டிகள் வெளுத்திருந்தன. இந்த முற்றத்தில் அவள் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரி ஊமைச்சி என்றே பேர் வைத்திருந்தாள். "மூடிட்டேங்க," என்றாள் உரக்க, பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றது, நிற்கட்டும். "நல்லா மூடிட்டேன். நான் பாத்துட்டேன். விடுங்க."

ஒவ்வொரு விரலாக விட்டான்.